எண்ணெயிலிருந்து கேஸுக்கு மாறிய பாய்லரும் விடியற்காலை வாடையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே மெரிமாக் ஆற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. 1950களில் கட்டிய இரண்டு மாடி மரவீடு. கணவன், மனைவி, எட்டு வயது மகள். 2019 குளிர்காலத்தில் கணவரின் அம்மாவும் மதுரையிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். வீடுகளில் சூடு எங்கெங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வது என் தொழில். கணவர் எனக்குப் பல வருடப் பழக்கம். குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆட்களை அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன்.

வீட்டைச் சூடாக்குவது, தரைக்குக் கீழுள்ள அடித்தள அறையில் நிற்கும் வார்ப்பிரும்பு பாய்லர். தண்ணீரைச் சூடாக்கி, அறைகளின் சுவரோரம் ஓடும் குழாய்களுக்கு அனுப்பும். அந்தப் பகுதியில் ஏராளமான வீடுகளைப் போல இதுவும் எண்ணெயில், அதாவது டீசல் போன்ற எரியெண்ணெயில், ஓடியது. அடித்தள மூலையில் 275 காலன் தொட்டி, வருடத்துக்கு நாலைந்து முறை லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். தெருவில் கேஸ் குழாய் இருந்ததால் 2019 செப்டம்பர் கடைசியில் கேஸுக்கு மாறினார்கள். பாய்லரை மாற்றவில்லை. முன்பக்கத்து எண்ணெய் பர்னரைக் கழற்றிவிட்டு, அதே துளையில் விசிறி வைத்த கேஸ் பர்னரைப் பொருத்தினார்கள். முறைப்படி செய்தால் இது நல்ல ஏற்பாடுதான்; செலவும் குறைவு. மாசசூசெட்ஸில் கேஸ் வேலையை உரிமம் உள்ளவர்தான், அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். இங்கேயும் அப்படியே நடந்தது. இன்ஸ்பெக்டர் வந்து குழாயைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார்.

இதற்கு முன் அதே வருடம் வீட்டில் இன்னும் இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. ஏப்ரலில் பரணிலும் அடித்தள விளிம்பிலும் இருந்த காற்றிடுக்குகளை அடைத்தார்கள். அடைக்கச் சொன்னவன் நான். ஆகஸ்டில் சமையலறையைப் புதுப்பித்தபோது, தாளிக்கும் வாடை வீடெல்லாம் தங்காமல் இருக்க அடுப்புக்கு மேல் பெரிய ஹூட் வைத்தார்கள். நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை வெளியே தள்ளும் மாடல். அடைப்பு வேலை, ஹூட், பர்னர் மூன்றையும் செய்தவை மூன்று வெவ்வேறு நிறுவனங்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

முதல் வாடை

அக்டோபர் நடுவில் குளிர் தொடங்கியதும் பாய்லர் ஓட ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அடித்தளத்தில் லேசான வாடை. பர்னர் பொருத்தியவர்களைக் கூப்பிட்டபோது, உள்ளே ஊறிய பழைய எண்ணெய் காய்கிறது, இரண்டு வாரத்தில் போய்விடும் என்றார்கள். கணவர் எனக்கும் போன் செய்தார். நானும் அதையேதான் சொன்னேன். அப்படி நடப்பது உண்டு என்பதால் வாய்க்கு வந்துவிட்டது. என்ன வாடை, எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு வாடை மாடிப்படி வரை வந்துவிட்டது. பாட்டிதான் முதலில் எழுந்து மகனை எழுப்பினார். அந்த வட்டாரத்தில் கேஸ் என்றாலே ஒரு பயம் உண்டு. 2018 செப்டம்பர் 13 அன்று பக்கத்திலேயே லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஊர்களில் தெருக்குழாயில் அழுத்தம் எகிறி, டஜன் கணக்கான வீடுகளில் தீயும் வெடிப்பும் ஏற்பட்டு ஒருவர் இறந்தார். வாடை வந்தால் கசிவுதான் என்று எல்லார் மனசிலும் பதிந்திருந்தது. கணவர் விளக்குச் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லாரையும் காருக்குக் கூட்டிப்போய், தெருமுனையிலிருந்து கேஸ் கம்பெனியின் அவசர எண்ணை அழைத்தார். அவர் அன்று செய்ததில் ஒரு குறையும் இல்லை.

கேஸ் கம்பெனி ஆள் ஒரு மணி நேரத்துக்குள் வந்தார். கையில் கசிவு காட்டும் கருவி. பர்னருக்கு முன்னால் இருக்கும், கழற்றி மாட்டக்கூடிய யூனியன் என்ற குழாய் இணைப்பில் அது கூவியது. சோப்புத் தண்ணீர் தடவினால், கடுகு அளவு குமிழிகள் மெதுவாக எழுந்தன. வால்வை மூடி, ஓட்டக் கூடாது என்ற சிவப்புச் சீட்டை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் உரிமம் பெற்றவர் யூனியனை மாற்றி, அழுத்தம் ஏற்றிச் சோதித்தார். கசிவு நின்றது. வாடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நிம்மதியானோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கசிவு உண்மையானது, சரி செய்ய வேண்டியதும்கூட. ஆனால் அவ்வளவு சின்னக் கசிவு பகல், இரவு என்று பார்க்காது. எப்போதும் ஒரே அளவில், இணைப்புக்குப் பக்கத்திலேயே வாடை தரும். இந்த வீட்டு வாடையோ நேரம் பார்த்து வந்து, நேரம் பார்த்துப் போனது. முதலில் கிடைத்த காரணத்தோடு தேடலை நிறுத்திவிட்டோம்.

பாட்டி சொன்னது

ஒன்பது நாள் கழித்து வாடை திரும்பியது. கேஸ் கம்பெனி ஆள் மறுபடி வந்தார், எந்த இணைப்பிலும் கசிவு இல்லை. கணவர் என்னை அழைத்தபோது பின்னால் பாட்டி பேசுவது காதில் விழுந்தது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“தம்பி, முப்பது வருஷமா சிலிண்டர் மாத்துறேன். அந்த வாடை எனக்குத் தெரியாதா? இது அது இல்லப்பா. மண்ணெண்ணெய் ஸ்டவ்வ அணைச்சா திரி கருகி ஒரு வாடை வருமே, கண்ணுகூடக் கரிக்குமே, அது. இவன்கிட்ட அன்னைக்கே சொன்னேன், கேஸு கேஸுன்னே சொல்றான்.”

இந்த நிகழ்வின் திறவுகோல் இதுதான். அவர் வீட்டுச் சிலிண்டர் கேஸுக்கும் சரி, அமெரிக்காவின் குழாய் கேஸுக்கும் சரி, சொந்த வாடை கிடையாது. மெர்காப்டன் வகை ரசாயனத்தைத் துளி சேர்த்து அழுகிய வாடையை உண்டாக்குகிறார்கள். குழாய் கேஸின் முக்கியப் பொருளான மீத்தேன் காற்றில் சுமார் 5 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே சராசரி மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. எரியாத கேஸின் வாடை அது. ஆனால் கேஸ் அரைகுறையாக எரிந்தால் அந்தச் சேர்மானம் எரிந்துபோய், ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள்கள் உண்டாகும். அவைதான் மூக்கைத் துளைத்து, கண்ணைக் கரிக்கும். திரி ஸ்டவ்வை அணைக்கும்போது வருவதும் அரைகுறையாக எரிந்ததன் வாடைதான். அதே அரைகுறை எரிப்பில் வாடையே இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். அவர் சொன்ன வாடை வீட்டுக்குள் இருந்தால், புகைபோக்கி வழியாகப் போக வேண்டியது வீட்டுக்குள் திரும்புகிறது என்று பொருள்.

அன்று நான் எடுத்த முடிவு தவறு. வாடை வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். சந்தேகம் வந்த அந்த நிமிடமே பாய்லரை நிறுத்தி, தீயணைப்புத் துறையை வரவழைத்து அளக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஐந்து நாளும் நான்கு பேர் அந்தக் காற்றில் இருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

காலண்டர் தாள்கள்

2019 நவம்பர் 30, நன்றி அறிவிப்பு நாளுக்கு (வியாழக்கிழமை வரும் அமெரிக்க விருந்து நாள்) அடுத்த சனிக்கிழமை, போனேன். பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரின் கிழித்த தாள்களை என் கையில் கொடுத்தார். நல்ல நேரம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: ‘காலை 5.40 வாடை, 6 மணிக்கு இல்லை.’ ‘சாயங்காலம் 6.15, மருமகள் தாளிக்கையில்.’ ‘காலை 5.35, தலைவலி.’ வியாழக்கிழமைத் தாளில், ‘விருந்து. 4 மணி முதல் 7 வரை. கண் எரிச்சல். எல்லாருக்கும்.’ எந்தத் தாளிலும் மத்தியானம் இல்லை, நடு இரவு இல்லை.

ஐந்தரை மணி என்பது, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இரவில் குறைத்துவைத்த சூட்டை மறுபடி ஏற்றும் நேரம். பாய்லர் பல மணி நேரம் அணைந்திருந்து, புகைபோக்கி முழுக்கக் குளிர்ந்த நிலையில் பற்றும். சாயங்காலம் ஆறு மணி ஹூட் ஓடும் நேரம். இரண்டுமே புகைபோக்கியின் இழுப்பு, அதாவது புகையை மேலே இழுத்து வெளியேற்றும் விசை, பலவீனமாகும் நேரங்கள்.

என் பையில் எப்போதும் கார்பன் மோனாக்சைடு அளவி தொங்கும். சமையலறையில் 9 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 9 பங்கு) காட்டியது. அடித்தளக் கதவைத் திறந்ததும் 22. படியிறங்கவில்லை. மாசசூசெட்ஸ் வீடுகளில் அடித்தளப் படியின் தலைமாட்டில் சிவப்புத் தகடு போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும், பாய்லரை அவசரமாக நிறுத்துவதற்கு. அதை அணைத்தேன். மருமகள், “அத்தை, கோட்டைப் போட்டுக்கிட்டு வாங்க” என்று கூப்பிட, எல்லாரும் வெளியே வந்து அவசர எண்ணான 911ஐ அழைத்தோம். பாட்டிக்கும் மருமகளுக்கும் ஆம்புலன்ஸ்காரர்கள் விரலில் கருவி மாட்டிப் பார்த்தார்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அபாயமான அளவில் இல்லை. தீயணைப்பு வீரர்கள் வீட்டைக் காற்றோட்டமாக்கிவிட்டு, சரிசெய்யும் வரை பாய்லரை ஓட்டக் கூடாது என்று சீட்டு மாட்டினார்கள்.

அலாரம் ஏன் அடிக்கவில்லை

வீட்டில் ஒவ்வொரு மாடியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தது; மாசசூசெட்ஸ் சட்டப்படி கட்டாயம். மூன்றும் நல்ல நிலையில் இருந்தன, மூன்றும் அடிக்கவில்லை. காரணம் பழுது இல்லை. அங்கே விற்கும் அலாரங்களுக்கான தரவிதி, 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடிக்கச் சொல்கிறது. 150 என்றால் 10 முதல் 50 நிமிடம், 400 என்றால் 4 முதல் 15 நிமிடம். 30 பிபிஎம் தொடர்ந்து இருந்தால் முப்பது நாள் வரை அடிக்கக் கூடாது என்றே விதி சொல்கிறது. உடனே உயிரைப் பறிக்கும் அளவிலிருந்து காப்பதற்கான கருவி அது. தினமும் அரை மணி நேரம் வந்து தலைவலி தந்துவிட்டுப் போகும் அளவு அதற்குக் கீழே நழுவிவிடுகிறது. அலாரம் அமைதியாக இருந்ததையே ஆதாரமாக வைத்து “அதெல்லாம் இருக்காதும்மா” என்று கணவர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

தேடலும் கண்டதும்

ஞாயிறு, திங்கள் பனிப்புயல். ஆட்கள் புதன்கிழமைதான் வர முடிந்தது. அதுவரை குடும்பம் நண்பர் வீட்டில். குழாய் உறையாமல் இருக்க இரண்டு மின் ஹீட்டரை வைத்து, தண்ணீர்க் குழாய்களைச் சொட்டவிட்டு வந்தோம்.

வந்தவர்கள் இரண்டு பேர். எண்ணெய், கேஸ் இரண்டிலும் பழுத்த, அறுபது வயதைத் தாண்டிய ஒரு டெக்னீஷியன். புகைபோக்கி சுத்தம் செய்யும் ஒருவர். பர்னர் பொருத்தியவர்களை வேண்டுமென்றே கூப்பிடவில்லை. அவர்கள் மேல் கோபம் என்பதால் இல்லை, பழைய முடிவைச் சுமக்காத கண் வேண்டும் என்பதற்காக.

டெக்னீஷியன் எதையும் கழற்றாமல், முதலில் வாடையை வரவழைக்க முயன்றார். இது எனக்குப் பிடித்திருந்தது. கதவு ஜன்னல்களைச் சாத்தி, துணி உலர்த்தும் மெஷினை ஓட்டி, ஹூட்டை முழு வேகத்தில் போட்டு, பாய்லரைப் பற்றவைத்தார். அவர் கையில் அளவி, வாசலில் நான். புகைக்குழாயின் பக்கத்தில் தொங்கும் வட்டத் தகடுதான் டேம்பர். புகைபோக்கியின் இழுப்பு கூடும்போது திறந்து அறைக்காற்றை உள்ளே விட்டுச் சமன்படுத்தும். அதன் ஓரத்தில் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார். புகைபோக்கி இழுத்தால் கண்ணாடி தெளிவாக இருக்கும். நாலைந்து நொடியில் கண்ணாடி பனி மூடியது போல வெளுத்து, விளிம்பில் நீர்த்துளி திரண்டது. எரிந்த கேஸின் ஈரம் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஹூட்டை நிறுத்தியதும் அரை நிமிடத்தில் கண்ணாடி மெல்லத் தெளிந்தது.

அப்புறம் அளவுகள். இந்த மாதிரி பாய்லரில் நெருப்புக்கு மேல் வேண்டிய இழுப்பு 0.02 அங்குல உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அளவில்தான், அதாவது 5 பாஸ்கல். சன்னமான காகிதத்தை அசைக்கும் விசைதான் அது. இடுக்குகளை அடைத்த வீட்டில் 900 கன அடி ஹூட் அதைவிட அதிகமாகவே எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். வெளியே போன காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தும் வர வழி இல்லாததால் புகைபோக்கி வழியாகவே உள்ளே வருகிறது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு 400 கன அடிக்கு மேற்பட்ட ஹூட்டுக்கு ஈடுகாற்று வழி கேட்பது இதனால்தான். இந்த வீட்டில் அது இல்லை.

ஆனால் ஹூட் மட்டும் காரணமென்றால் விடியற்காலை வாடைக்கு விளக்கம் இல்லை. அந்த விடை புகைபோக்கியின் அடியில் இருந்தது. சுத்தம் செய்பவர் அடித்தளச் சுவரில் இருக்கும் சிறு இரும்புக் கதவைத் திறந்ததும், கரி சரசரவென்று அவர் பூட்ஸ் மேல் கொட்டியது. தூளாக இல்லை. உள்ளங்கை அகலச் செதில்கள், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் துருநிறம், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு வாளி நிறைந்தது. பாய்லரின் புகைக்குழாய் புகைபோக்கிக்குள் நுழையும் துளையில் கீழ்ப்பாதி அந்தக் குவியலுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

அறுபது வருடமாக எண்ணெய்ப்புகை அந்தச் சுவரில் கரியும் கந்தகமும் பூசியிருந்தது. எண்ணெயை ஒப்பிட்டால் அதே வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு அதிக நீராவி தரும். ஒரு கன மீட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ தண்ணீர். இந்த வீட்டின் புகைபோக்கி வெளிச்சுவரில், குளிரில் நிற்பது. பழைய எண்ணெய்ப் பர்னருக்கு ஏற்ற அகலம். புது பர்னரின் புகை வெப்பம் குறைந்தது, அளவும் குறைந்தது. மேலே போவதற்குள் குளிர்ந்து, நீராவி சுவரில் வியர்க்கிறது. அந்த ஈரம் பழைய கரியை ஊறவைத்து உரிக்கிறது. உரிந்தது கீழே சேர்ந்து வழியை அடைக்கிறது. செப்டம்பரில் சுத்தமாகத் தெரிந்த புகைபோக்கி, கேஸில் ஓட ஓட நவம்பருக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொண்டது.

மூன்றாவதாக டேம்பர். எண்ணெய்க்கு வைத்த ஒருபக்க டேம்பரையே விட்டுவிட்டார்கள். அது உள்நோக்கி மட்டும் திறக்கும். கேஸுக்கு இருபக்கமும் ஆடும் டேம்பரும், புகை வெளியே கொட்டினால் சூட்டை உணர்ந்து பர்னரை நிறுத்தும் ஒரு சுவிட்சும் வேண்டும். இரண்டும் இல்லாததால், போக வழியில்லாத புகை பர்னரையே மூச்சுத் திணறவைத்து, பாய்லர் இடுக்குகளிலும் குழாய் மூட்டுகளிலும் கசிந்தது. புகைக்குழாய்க்குள் கார்பன் மோனாக்சைடு 600 பிபிஎம்முக்கு மேல் இருந்தது.

எடுத்த முடிவுகள்

இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. பாய்லரையே தூக்கிவிட்டு, வெளிக்காற்றை நேராக எடுத்து எரித்து, பக்கச் சுவர் வழியே வெளியேற்றும் மூடிய வகைப் பாய்லர் வைப்பது ஒன்று. ஹூட் எவ்வளவு இழுத்தாலும் அதற்குக் கவலை இல்லை. நான் அதைத்தான் சொன்னேன். டிசம்பரில், செப்டம்பர் செலவுக்குப் பிறகு, அந்தக் குடும்பத்தால் அது முடியாது. இரண்டாவது வழி, இருப்பதைச் சரியாக்குவது. டெக்னீஷியன் அதைப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று சொன்னதால் அதை எடுத்தார்கள்.

புகைபோக்கியை முழுக்கச் சுரண்டி, பர்னரின் அளவுக்கேற்ற துருப்பிடிக்காத எஃகு உட்குழாயை இறக்கினார்கள். இருபக்க டேம்பரும் சுவிட்சும் வந்தன. பாய்லரைத் திறந்து உட்பக்கக் கரியைத் துலக்கி, இடுக்குகளை அடைத்து, பர்னரின் காற்றை அளவி வைத்துச் சரிசெய்தார்கள். ஹூட் போட்டால் தானாகத் திறக்கும் ஈடுகாற்றுக் குழாயைச் சமையலறைச் சுவரில் பொருத்தினார்கள். அது வரும்வரை இரண்டு வாரம், ஹூட்டைக் குறைந்த வேகத்தில் மட்டும், ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்து ஓட்டுவது என்று ஏற்பாடு. நுண்ணிய அளவையும் எண்ணில் காட்டும் கருவி ஒன்றைப் பாட்டியின் அறைக்கு வெளியே மாட்டினோம்.

பின்னர் நடந்தது

வேலை முடிந்த நாளில் அதே சோதனையை மறுபடி செய்தோம். எல்லா விசிறியும் ஓட, குளிர்ந்த நிலையில் பாய்லரைப் பற்றவைத்தபோது முதல் சில நொடி மட்டும் கண்ணாடி மங்கியது, பிறகு தெளிந்தே இருந்தது. புகைக்குழாயில் கார்பன் மோனாக்சைடு 30 பிபிஎம்முக்குக் கீழே வந்தது. வீட்டுக்குள் பூஜ்யம்.

பாட்டியின் தலைவலி அந்த வாரமே போனது. பிப்ரவரியில் ஒரு நாள் கடும் காற்றில், சூட்டை உணரும் அந்தச் சுவிட்ச் தானாக அணைந்து பாய்லர் நின்றது. குளிரில் எழுந்தது சிரமம்தான், ஆனால் அது நிற்க வேண்டிய சமயத்தில் நின்றது. புகைபோக்கியின் தலையில் காற்றுத் தடுப்பு மூடியை மாற்றினார்கள், அதற்குப் பிறகு சுவிட்ச் அப்படி அணையவில்லை.

மாற்றிக்கொண்டவை

எண்ணெயிலிருந்து கேஸுக்கு மாறுகிறவர்கள் பர்னர் விலையைக் கேட்கும்போதே புகைபோக்கிப் பரிசோதனையையும் உட்குழாயையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எரிபொருள் மாறினால் புகைபோக்கியைப் பார்த்தாக வேண்டும் என்று அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரவிதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. இந்த வீட்டு ரசீதில் அப்படி ஒரு வரி இல்லை. அது இல்லாததைக் கணவரும் கவனிக்கவில்லை, எனக்குக் காட்டியபோது நானும் கவனிக்கவில்லை.

நான் இடுக்கு அடைக்கச் சொல்லும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்போது ஒரு தாள் கொடுக்கிறேன். பெரிய ஹூட்டோ புது பர்னரோ வைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், இழுப்பை மறுபடி அளக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஏப்ரலில் நான் அளந்தபோது அந்த வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டிசம்பர் வீடு வேறு வீடு.

வாடை என்று யார் கூப்பிட்டாலும், கண் கரிக்கிறதா, தலை வலிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆம் என்றால் பாய்லரை அணைத்து வெளியே போகச் சொல்லி, அவசர எண்ணை அழைக்கச் சொல்கிறேன். குறித்துவைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அப்புறம், வீட்டில் நாள் முழுக்க இருப்பவரிடம் போனைக் கொடுக்கச் சொல்கிறேன். வேலைக்குப் போய் வருபவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். என் படிவத்தில் ‘வாடை: உண்டு / இல்லை’ என்று இருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நான்கு வெற்றுக் கோடுகள் இருக்கின்றன, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள.